பிலிமத்தலாவை விளக்கும் எதிரே வருவோர் கண்ணும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலே, கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பேராதனையை நோக்கி வருவோர் பிலிமத்தலாவையைக் காணாது வர இயலாது. சாலையோரமெங்கும் பித்தளைக் கடைகள். கடைதோறும் குத்துவிளக்கும் தூக்குவிளக்கும் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். விளக்கு விற்றுப் பிழைக்கும் ஊர் அது. அவ்வூரிலேதான், பித்தளைக் கடைகளுக்கு அப்பால் உள்ள ஒரு கராஜிலே, நானும் ஒரு சோடி விளக்கு வாங்கிப் பூட்டினேன். குத்துவிளக்கன்று, பிக்கப் வண்டியின் முகத்திலே பூட்டும் புரொஜெக்டர் விளக்கு. அதன் கதையைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. இக்கட்டுரையில் வரும் முதற் குற்றவாளி நானே.

பகலிலே நீதிமன்றம், மாலையிலே கூட்டம். இது என் வாழ்க்கை. அட்டனிலோ தலவாக்கலையிலோ மாத்தளையிலோ கூட்டம் முடிய இரவு ஒன்பது மணியாகும். அதன்பின் மலைப்பாதையிலே வீடு திரும்ப வேண்டும். வண்டியோ இருபது ஆண்டு உழைத்துக் களைத்த சப்பானியப் பிக்கப். விளக்கின் முன்மூடி மஞ்சள் பூத்துப் போயிற்று; உள்ளே இருந்த வெள்ளி முலாம் மங்கிவிட்டது. மழை இரவிலே சாலை ஓரத்தைத் தடவித் தடவிப் போவதுபோலத்தான் ஓட்டி வந்தேன். நாற்பதைக் கடந்த கண்ணும் முன்போல் இல்லை. “ஏன் ஐயா இந்தப் பழைய லைட்டை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்கள்? புரொஜெக்டர் போட்டால் இரவு பகலாகிவிடும்” என்றார் கராஜ்காரர். பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வந்தது. பழைய விளக்கை அடுப்பிலே மெல்லச் சூடாக்கிப் பசையை இளக்கி, முன்மூடியைக் கழற்றி, உள்ளே வில்லை பொருத்திய புதிய குழலை வைத்து, மீண்டும் பசையிட்டு மூடினார். நல்ல வேலைக்காரர், கைச்சுத்தம் உள்ளவர். அவர்மீது எனக்கு இன்றும் குறையில்லை.

முதல் இரவு நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கடுகண்ணாவை வளைவுகளிலே மலைப்பாறையின் வெடிப்புகூடத் தெரிந்தது. இத்தனை ஆண்டும் குருடனாகவா ஓட்டினேன் என்று என்னையே கடிந்துகொண்டேன்.

இரண்டாம் வாரம் ஓர் இரவு. கூட்டத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் வண்டியின் பின்னே நிறைந்திருந்தன. மேலே நான்கு தோழர்களும் அமர்ந்திருந்தனர். ஒரு வளைவிலே எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று தள்ளாடிச் சாலையை விட்டிறங்கி வடிகாலிலே சாய்ந்தது. ஓடிச்சென்று பார்த்தோம். தோட்டத்துத் தொழிலாளி ஒருவர், பின்னே அவர் மனைவி, இருவருக்கும் நடுவே ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. முழங்கை உரசல், கால் சுளுக்கு, அவ்வளவோடு போயிற்று. எழுந்து நின்ற அம்மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “மன்னிச்சுக்கங்க ஐயா, லைட்டுல ஒண்ணுமே தெரியலீங்க. நான்தான் ஓரமா நிறுத்தியிருக்கணும்.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அந்தச் சொல் என்னை இன்றுவரை உறங்க விடவில்லை.

சட்டம் படித்தவன் என்ற முறையிலே அன்றிரவே ஒன்றை எண்ணிப் பார்த்தேன். அந்தக் குழந்தை வடிகாலுக்குள்ளே விழாமல் பள்ளத்திலே விழுந்திருந்தால் பொலிசுப் பதிவேட்டிலே என்ன எழுதப்பட்டிருக்கும்? “மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகினார்” என்றே எழுதப்பட்டிருக்கும். என் வண்டி அவரைத் தொடவில்லை. நான் என் பக்கத்திலேயே, உரிய வேகத்திலேயே சென்றேன். நீதிமன்றத்திலே நான் சாட்சிக் கூண்டிலே நின்றிருப்பேன். குற்றவாளிக் கூண்டிலே அவர் நின்றிருப்பார். கூசும் விளக்கு செய்யும் குற்றத்தின் தன்மை இதுதான். அது தடயம் விட்டுச் செல்வதில்லை. செய்தவன் தெரியாமலே போய்விடுகிறான். பட்டவன் தன் பிழை என்றே எண்ணிக்கொள்கிறான்.

நடந்தது என்ன?

மறுநாள் காலையிலே வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோய் இருவருமாக ஆராய்ந்தோம். கண்டவற்றை விவரமாகச் சொல்கிறேன். பிக்கப் வைத்திருக்கும் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் இது வேண்டியது.

விளக்கிலே இரண்டு வகையுண்டு. பழைய வகை விளக்கிலே ஒரு குழிந்த கண்ணாடி உண்டு. பல்பின் இழையிலிருந்து புறப்படும் ஒளியை அது திருப்பிச் சாலையிலே வீசுகிறது. இழை எந்த இடத்திலே இருக்கிறதோ அதனை அளந்தே குழிவு வடிக்கப்படுகிறது. ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் ஒளி தடம் மாறிவிடும். புரொஜெக்டர் வகையிலே ஒரு தடித்த வில்லையும், அதன் பின்னே ஒளியின் மேற்பாதியை மறைக்கும் ஒரு தகடும் இருக்கின்றன. ஆகையால் டிம் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்; அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. ஒழுங்காகப் பூட்டினால் இதைப்போல் எதிரே வருவோர்க்கு இனிய விளக்கு வேறில்லை. பிழையாகப் பூட்டினால் இதைப்போல் கொடியதும் இல்லை. ஏனெனில் அந்த வெட்டுக்கோட்டின் அடியிலேதான் ஒளி மிகச் செறிந்திருக்கிறது. கோடு சற்று உயர்ந்தாற் போதும், அச்செறிவு முழுவதும் எதிரே வருபவனின் கண்ணுக்குள் இறங்கும்.

என் வண்டியிலே கோடு உயர்ந்தது எப்படி? கணக்கைப் பாருங்கள். விளக்கு நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்போம். வழக்கமான முறை, பத்து மீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வீதம் ஒளி சரியும்படி விளக்கைத் திருகி வைப்பது. அப்படியாயின் 50 மீற்றர் தூரத்திலே அக்கோடு நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். எதிரே வருபவனின் முழங்காலுக்கும் கீழே. இப்போது வண்டியின் பின்னே சுமை ஏற்றுங்கள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் மூன்று மீற்றர். பின்புறம் ஐந்தே ஐந்து சென்ரிமீற்றர் கூடுதலாகத் தாழ்ந்தால், அதே 50 மீற்றரிலே கோடு 83 சென்ரிமீற்றர் மேலே ஏறிவிடும். முப்பதும் எண்பத்துமூன்றும் நூற்றுப்பதின்மூன்று. சிறிய காரிலே அமர்ந்திருப்பவனின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்காரன் கண்ணும் அங்கேதான். மோட்டார் சைக்கிளிலே நடுவில் அமர்ந்திருந்த குழந்தையின் கண்ணும் அங்கேதான்.

நாம் விளக்கைத் திருகி வைத்தது வெறும் வண்டியிலே. ஓட்டியது நான்கு தோழர்களையும் நாற்காலிகளையும் ஏற்றிய வண்டியிலே. பிக்கப் என்பதே சுமை ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டி அல்லவா? கரட்டும் கோவாவும் லீக்சும் மூட்டையாக ஏற்றி நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ இரவோடிரவாகப் போகும் கமக்காரரின் வண்டி ஐந்து சென்ரிமீற்றரோடா நிற்கும்?

மற்றொரு பிழை இதனினும் நுட்பமானது, கராஜ்காரரே அறியாதது. டிம் விளக்கின் வெட்டுக்கோடு நெடுகிலும் சமமாக இருப்பதில்லை. நம் நாட்டிலே வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகையால் கோடு வலப்பக்கம் தாழ்ந்தும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருத்தல் வேண்டும். இடப்பக்கம் ஏறுவது ஓரத்திலே நடப்போரையும் அறிவிப்புப் பலகையையும் காட்டுவதற்கு. வலப்பக்கம் தாழ்வது எதிரே வருவோரைக் காப்பதற்கு. என் விளக்கைச் சுவரிலே அடித்துப் பார்த்தபோது வலப்பக்கம் ஏறிற்று, இடப்பக்கம் தாழ்ந்தது! அது வலப்பக்கம் வண்டி ஓடும் நாட்டுக்காகச் செய்யப்பட்ட சாமான். சீனாவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் அது நல்ல விளக்கு. கடுகண்ணாவையிலே அது எதிரே வருவோர் முகத்தைத் தேடித் தேடி அடிக்கும்.

வெளிநாட்டிலே உறவினர் உள்ள யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கு இவ்விடத்தே ஒரு சொல். கனடாவிலிருந்து மருமகன் அன்போடு அனுப்பிய ஹெட்லைட் என்று பெருமையாகப் பூட்டிவிடாதீர்கள். கனடாவும் வலப்பக்கம் ஓடும் நாடே. சப்பானிலும் பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது. அந்நாட்டு வண்டிகளுக்கென்று செய்த விளக்கு நமக்கு ஒத்துவரும்.

வெறும் பல்பு மாற்றுவோர்

என் பிழையாவது புரொஜெக்டர் பூட்டியவன் பிழை. இதனினும் பரவலாக நடப்பது ஒன்றுண்டு. பழைய குழிவு விளக்கை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் ஹலஜன் பல்பை மட்டும் கழற்றிவிட்டு, செனன் பல்பையோ எல்.ஈ.டி. பல்பையோ செருகிவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் அக்குழிவு ஓர் இழையின் இடத்தை அளந்து செய்யப்பட்டது என்று மேலே சொன்னோம். புதிய பல்பின் ஒளி வேறிடத்திலே, வேறு வடிவிலே எரிகிறது. ஒளி நாற்புறமும் சிதறுகிறது. எச்4 எனப்படும் ஹலஜன் பல்பு டிம்மிலே ஏறத்தாழ 1000 லூமன் ஒளி தரும். 35 வாட் செனன் பல்பு ஏறத்தாழ 3200 லூமன் தரும். மூன்று பங்கு ஒளியை, அதற்கென்று செய்யப்படாத குழிவுக்குள்ளே கொட்டினால் என்னாகும்? பல்புப் பெட்டியின்மேல் பத்தாயிரம், இருபதாயிரம் லூமன் என்று அச்சிட்டிருப்பதை நம்புவோர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

நீலம் பாய்ந்த வெள்ளை ஒளிமீதும் நம்மவர்க்கு ஒரு மோகம். பெட்டியிலே 6000, 8000 என்று கெல்வின் எண் ஏற ஏற விளக்கின் வலிமையும் ஏறும் என்று நம்புகிறார்கள். அவ்வெண் நிறத்தைக் குறிப்பது, அளவைக் குறிப்பதன்று. செனன் பல்பிலே அவ்வெண் ஏற ஏற உண்மையான ஒளி குறையவே செய்கிறது. எதிரே வருவோர்க்குக் கூச்சம் மட்டும் கூடுகிறது.

கூச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெரும் ஒளி கண்ணிலே பட்டபின் இருளுக்குக் கண் திரும்பச் சில வினாடிகள் ஆகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே வண்டி ஒரு வினாடிக்கு 14 மீற்றர் ஓடுகிறது. மூன்று வினாடி கண் தெரியாமற் போனால் 42 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகும். முதியோர்க்கு இது இன்னும் கூடும். வயது ஏற ஏறக் கண்வில்லை மங்கி, உட்புகும் ஒளியைச் சிதறடிக்கிறது. கண்ணிலே புரை தொடங்கியவர்க்குச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன செய்கிறது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அச்சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் விளக்கைப் பற்றிப் பேசாமலில்லை. 2025 சனவரியிலே ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ வேலைத்திட்டத்தோடு சேர்த்து, பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற விளக்குகளையும் அலங்காரங்களையும் ஊதுகுழல்களையும் பொலிசார் கழற்றத் தொடங்கினர். நாடெங்கும் பேச்சாயிற்று. நன்று, கழற்ற வேண்டியவை பல இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் கேட்பது வேறு. சிவப்பும் பச்சையும் மின்னும் அலங்கார விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே அகப்படுகிறது. வண்டி உற்பத்தியானபோது இருந்த அதே இடத்திலே, அதே வெள்ளை நிறத்திலே எரியும் முன்விளக்கு அரைப் பாகை மேலே நோக்கி எரிந்தால் பகலிலே சோதிக்கும் எந்த அதிகாரிக்கு அது தெரியும்? அவர் கையிலே கருவியில்லை. கருவி இல்லாத இடத்திலே கண் அளவு. கண் அளவு உள்ள இடத்திலே மனம்போன நீதி. அலங்கரித்தவன் தண்டம் கட்டுவான், கண்ணைக் கெடுப்பவன் போய்விடுவான்.

முற்றாகத் தடைசெய்துவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். அண்டை நாட்டைப் பார்ப்போம். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலே உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலிலே குறித்தவற்றுக்கு மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 சனவரியிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கடுமையாகவே பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆயினும் இரவிலே மதுரையிலிருந்து திருச்சிக்கு ஒரு முறை சென்று வந்தவர் எவரும் கூசும் விளக்கு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டார். சட்டப் புத்தகத்திலே உள்ள தடை சாலையிலே இறங்குவதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும்.

வேறு வழியிலே சென்ற நாடும் உண்டு. ஹலஜன் விளக்குக்குள்ளே எல்.ஈ.டி. பல்பு வைப்பதை செருமனி நெடுங்காலம் முற்றாகத் தடுத்து வந்தது. 2020இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் ஒரு பல்புக்கு, அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட வண்டி வகைகளுக்கு மட்டும், அனுமதி வழங்கியது. இன்ன வண்டியிலே, இன்ன விளக்குக்குள்ளே, இன்ன பல்பு வைத்தால் ஒளி எல்லை மீறவில்லை என்று அளந்து பார்த்தபின் கொடுத்த அனுமதி அது. 1958ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கையின்கீழ் வந்த ஐக்கிய நாடுகளின் 48ஆம் விதியும் ஒன்றை நெடுங்காலமாக விதித்து வந்திருக்கிறது: டிம் விளக்கின் ஒளிமூலம் 2000 லூமனுக்கு மேற்பட்டால், சுமைக்கேற்ப விளக்கைத் தானே தாழ்த்தும் பொறியும், விளக்கின் முகத்தைக் கழுவும் பொறியும் வண்டியிலே இருக்க வேண்டும். என் பிக்கப்பிலே மூவாயிரம் லூமன் இருந்தது. தாழ்த்தும் பொறி இல்லை. விளக்கை மட்டும் வாங்கினேன், அதனோடு வரவேண்டிய கட்டுப்பாட்டை வாங்கவில்லை.

எனவே நாம் தடையும் கேட்கவில்லை, தாராளமும் கேட்கவில்லை. ஒளி எங்கே விழுகிறது என்று அளக்கும் ஏற்பாட்டைக் கேட்கிறோம். பூட்டிய விளக்கு எந்த நிறுவனத்தினது, எவ்வளவு விலை என்பன நமக்கு வேண்டாம். வழக்கமான சுமையோடு வண்டியை நிறுத்து, விளக்கைப் போடு, கோடு எங்கே நிற்கிறது என்று பார். நின்றால் சான்றிதழ், ஏறினால் திருத்து. இதற்குக் கோடிக் கணக்கிலே பணம் வேண்டுமா? சமதளமும் வெள்ளைச் சுவரும் போதும். விளக்கின் வலிமையையும் அளக்க வேண்டுமாயின் ஒரு சிறு கருவி.

இதற்கான இடமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்குமுன் வண்டியின் புகையை அளந்து சான்றிதழ் பெறுகிறோம். குழாயிலே கருவியைச் செருகிப் புகையை அளக்கும் அதே நிலையத்திலே, அதே ஐந்து நிமிடத்திலே, விளக்கையும் அளப்பதற்கு என்ன தடை? பின்புறப் புகையை அளக்கும் அரசு முன்புற ஒளியை ஏன் அளக்கக்கூடாது?

வருமான உத்தரவுப்பத்திரம் மாகாணத்தின் கையில் உள்ள விடயம் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த சில்லறைகளிலே அதுவும் ஒன்று. மத்திய மாகாண சபையின் காலமும் வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்தோபரிலே முடிந்தன. அதன்பின் ஆண்டு பலவாகியும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஒரு விளக்குச் சோதனைக்குக்கூட மக்கள் பிரதிநிதி ஒருவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாத நிலையிலே நம்மை வைத்தவர்கள் யார் என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை, வேறிடத்திலே விரிப்போம். ஒன்று மட்டும் சொல்வேன். விளக்கைப் பற்றி வரும் விதி எதுவாயினும், அது சிங்களத்திலே வெளிவரும் நாளிலேயே தமிழிலும் வெளிவர வேண்டும். கராஜ்களிலே வேலை செய்யும் பிள்ளைகளிலே தமிழர் எத்தனை பேர் என்று பிலிமத்தலாவையிலிருந்து கண்டிவரை நடந்து எண்ணிப் பாருங்கள். அவர்கள் வாசிக்க முடியாத விதியை அவர்கள் மீறினார்கள் என்று எந்த முகத்தோடு குற்றஞ்சாட்டுவது?

ஏழைக் கமக்காரன் என்ன செய்வான்?

“வழக்கறிஞர் பிழையான விளக்கைக் கழற்றிவிட்டுச் சரியானதை வாங்குவார்; எங்கள் வண்டியின் விளக்கு மண்ணெண்ணெய் விளக்குப்போல் எரிகிறது, நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. திறந்தபின்னும் வரியைக் கேட்டவர் வாயடைத்துப் போனார். ஆகவே இருபது முப்பது ஆண்டு வண்டிகளே நம் கமக்காரரைச் சுமக்கின்றன. அவ்வண்டிகளின் விளக்கு மங்கியதும் உண்மையே. ஒளி வேண்டும் என்ற ஆசையிலே குற்றமில்லை. ஆனால் புது விளக்கு வாங்குமுன் பழைய விளக்கு ஏன் மங்கிற்று என்று பார்த்தீர்களா?

பெரும்பாலும் பல்பிலே குறையிருக்காது, வயரிலே இருக்கும். பற்றறியிலிருந்து புறப்படும் மின்சாரம், பழைய மெல்லிய வயர் வழியாக, தேய்ந்த சுவிச்சு வழியாக, துருப்பிடித்த இணைப்பு வழியாக விளக்கை அடைவதற்குள் களைத்துவிடுகிறது. ஹலஜன் பல்பின் இயல்பு யாதெனில், வோல்ட் பத்திலொரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். பற்றறியிலிருந்து விளக்குக்கு நேரே தடித்த வயர் இழுத்து, இடையிலே பியூசும் ரிலேயும் வைத்து, சுவிச்சை அந்த ரிலேயை இயக்க மட்டும் விட்டுவிட்டால், இழந்த ஒளி திரும்பிவிடும். வீட்டுக்கு வயர் இழுக்கத் தெரிந்த எவரும் வண்டி மின்வேலைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை. மஞ்சள் பூத்த முன்மூடியை நுண்ணிய உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து மெருகிடுங்கள். அதன்பின் சுவருக்குப் பத்து மீற்றர் தூரத்திலே வண்டியை நிறுத்தி, நாள்தோறும் ஏற்றும் சுமையை ஏற்றி, விளக்கின் நடுமையத்தை அளந்து, சுவரிலே அதற்குப் பத்துச் சென்ரிமீற்றர் கீழே கோடு இழுத்து, வெட்டுக்கோடு அதன்மேல் நிற்கும்படி திருகுங்கள். சில வண்டிகளிலே ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் இருக்கும். அது அலங்காரமன்று, சுமை ஏற்றியபோது விளக்கைத் தாழ்த்துவதற்கு வைத்தது. நம்மிலே எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம்?

இவ்வளவும் செய்தபின்னும் ஒளி போதவில்லையெனின் புரொஜெக்டர் பூட்டுங்கள். இடப்பக்க நாட்டினதாகப் பார்த்து, சுமையோடு மட்டம் பார்த்துப் பூட்டுங்கள். அப்போதும் வேகத்தை மறவாதீர்கள். டிம் விளக்கிலே அறுபது எழுபது மீற்றருக்கு அப்பால் இருள் உடுத்த மனிதரைக் காண்பது அரிது. மழையிலே மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலே ஓடும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை வைத்து நிறுத்தி முடிக்க ஏறத்தாழ 80 மீற்றர் வேண்டும். ஐம்பதிலே போனால் 40 மீற்றர் போதும்.

பின்னாலும் ஒரு சொல் உண்டு. ஏ9 நெடுஞ்சாலையிலே வவுனியாவுக்கு வடக்கே இரவிலே சென்றவர்க்குத் தெரியும்: முன்னே சூரியனைக் கட்டிக்கொண்டு போகும் வண்டிக்குப் பின்னே சிவப்பு விளக்கு ஒன்றும் எரியாது. உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் பின்னே துணித் துண்டளவு ஒளிதெறிக்கும் நாடாகூட இல்லை, சைக்கிளுக்கும் இல்லை. பிறர் நம்மைக் காண்பதற்கு வேண்டியதை மறந்துவிட்டு, நாம் பிறரைக் காண்பதற்கு மட்டும் செலவு செய்கிறோம். நெல் அறுவடைக் காலத்திலே இருள் சூழும் நேரம் வயலிலிருந்து சாலைக்கு ஏறும் ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னும் சிவப்பு நாடா ஒட்டுவதைக் கமக்காரர் அமைப்புகள் தாமே ஒரு கிழமையிலே செய்துவிடலாம். எந்த அமைச்சரின் உத்தரவும் அதற்கு வேண்டியதில்லை.

என் பிக்கப்பிலே இப்போது வேறு சோடி இருக்கிறது. சப்பானிய வண்டியிலிருந்து கழற்றிய, இடப்பக்கம் ஏறும் விளக்கு. தாழ்த்தும் சக்கரத்தையும் கராஜ்காரர் தேடிப் பூட்டிவிட்டார். முன்னையதை யாருக்கும் விற்க எனக்கு மனம் வரவில்லை. அவரே சம்மட்டியால் உடைத்தார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பிலிமத்தலாவையிலே நம் கூட்டம் நடைபெறும். மாலை ஆறு மணிக்கே மைதானத்துச் சுவருக்கு வெள்ளையடித்துக் கோடு இழுத்திருப்போம். அளவுநாடாவும் ஸ்குரூ டிரைவருமாகக் கராஜ்காரரும் அங்கே இருப்பார், கூலி கேட்கமாட்டார். கூட்டத்துக்கு வருவோர் பிக்கப்போ முச்சக்கர வண்டியோ மோட்டார் சைக்கிளோ, எதுவாயினும் நாள்தோறும் ஏற்றும் சுமையோடு கொண்டு வாருங்கள். வெறும் வண்டியாகக் கொண்டு வந்தால், ஏறி அமர்வதற்கு நான்கு தோழர்களை நாமே தருவோம்.